ஷூ கழற்றிய பிறகு சொல்லப்பட்ட குறைகள்

அனுப்புநர்:
இரண்டாம் நிலைக் கூடைப்பந்து நடுவர்,
(தற்சமயம் கடிகார மேசையில் உட்கார வைக்கப்பட்டிருப்பவர்)

பெறுநர்:
உயர்திரு செயலாளர் அவர்கள்,
நடுவர் குழு,
கூடைப்பந்துக் கழகம்.

பொருள்: அரையிறுதியில் என்னுடன் பணியாற்றிய மூத்த நடுவர் என் குறைகளை என்னிடம் சொல்லாமல் குழுவிடம் சொன்னது – அதன்பேரில் நான் ஆடுகளத்திலிருந்து விலக்கப்பட்டது – மறுபரிசீலனை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. நான் பகலில் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். மாலையிலும் விடுமுறை நாட்களிலும் தங்கள் குழுவின் கீழ் நடுவராக இருக்கிறேன். கழகத்தில் என் பெயர் பலருக்குத் தெரியாது. 'கண்ணாடிக்கடை' என்றால் எல்லோருக்கும் தெரியும். "வேலை கண்ணாடிக்கடையில, ஆனா கண்ணுதான் தெரியலை" என்று நம்மவர்கள் எனக்காகவே ஒரு நகைச்சுவை தயாரித்து வைத்திருக்கிறார்கள். அதற்கு நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். இந்த மனு அதைப் பற்றியது அல்ல.

2. தாங்களும் விசில் பிடித்தவர் என்பதால் நம் வழக்கத்தைத் தங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. இருந்தாலும் கோப்பில் இருக்கட்டும் என்று எழுதுகிறேன். ஆட்டம் முடிந்ததும் நடுவர்கள் இருவரும் அறைக்கு வந்து, ஷூவைக் கழற்றாமல் பெஞ்சில் உட்கார வேண்டும். ஒருவர் குறையை மற்றவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும். எவ்வளவு கடுமையாகவும் சொல்லலாம், கேட்பவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஷூவைக் கழற்றிய பிறகு அந்த ஆட்டத்தைப் பற்றி மூச்சு விடக் கூடாது. நான் சேர்ந்த முதல் நாள் எனக்குச் சொல்லித் தந்தது இதைத்தான். விதிப் புத்தகத்தைக்கூட அதற்குப் பிறகுதான் கொடுத்தார்கள்.

3. குறை சொன்னால் எனக்குத் தாங்காது என்று தங்களிடம் சொல்லப்பட்டிருப்பதாக அறிகிறேன். அதனால் ஒன்றைக் குறிப்பிட வேண்டியிருக்கிறது. சென்ற ஆண்டு ஓர் ஆட்டம் முடிந்ததும், நாம் 'நெட்டையர்' என்று அழைக்கும் சக நடுவர் ஷூவோடு உட்கார்ந்து, "ஏம்மா, உன் கை பவுல் காட்டுதா, பஸ்ஸை நிறுத்துதா?" என்று கேட்டார். அறையில் எல்லோரும் சிரித்தார்கள். நான் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். மறுநாள் முதல் வீட்டில் பீரோக் கண்ணாடி முன் நின்று கையை நேராக நீட்டிப் பழகினேன். என் கணவர் காபித் தம்ளரோடு வந்து, "இன்னிக்கு யாருக்கு பவுல்? எனக்கா, உங்க அம்மாவுக்கா?" என்று கேட்டுவிட்டுப் போவார். இன்று என் கையைப் பற்றி எவரும் குறை சொல்வதில்லை. நெட்டையர் மீது எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. அவர் சொன்னது வலித்தது, ஆனால் என் காதில் விழும்படி சொன்னார்.

4. இனி அரையிறுதி. கடைசி நிமிடத்தில் வங்கி அணி வீரர் பந்தோடு பாய்ந்து வந்து, எதிரே நின்ற தபால் அணி வீரர் மீது மோதினார். இருவரும் விழுந்தார்கள். நானும் மூத்தவரும் ஒரே நேரத்தில் ஊதினோம். அப்படி நேர்ந்தால் கையை மட்டும் உயர்த்தி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டுத்தான் தீர்ப்பைக் காட்ட வேண்டும். நான் பார்க்கவில்லை. மோதியவர் மீது தவறு என்று உடனே காட்டிவிட்டேன். அதே நொடியில் அவர், நின்றவர் மீது தவறு என்று காட்டினார். அரங்கமே எங்களைப் பார்த்துச் சிரித்தது. அவசரப்பட்டது நான். அதில் எனக்கு மறுப்பு இல்லை.

5. மூத்தவர் என் அருகே வந்து, "எனக்கு மறைச்சிருச்சும்மா. உன்னோடதையே வெச்சுக்கோ" என்றார். அப்படியே அறிவித்தோம். வங்கி அணி தோற்றது. அதன் பயிற்சியாளர் நேராக மூத்தவரிடம் போய், "நேத்து வந்த பொண்ணு சொல்லி நீங்க மாத்துறதா?" என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார். அந்தக் கேள்வி அவரை எங்கே தைத்தது என்பது எனக்குப் புரிகிறது. அதற்கு நான் என்ன செய்ய முடியும் என்பதுதான் புரியவில்லை.

6. அறைக்கு வந்தோம். நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். திட்டு விழும் என்று தயாராகத்தான் இருந்தேன். உண்மையில் எதிர்பார்த்தேன் என்றே சொல்ல வேண்டும். நானே, "சார், உங்களைப் பார்க்காம காட்டிட்டேன்" என்று ஆரம்பித்தேன். அவர், "அட, அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா, நல்லாத்தான் ஊதின" என்று சொல்லிக்கொண்டே குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்தார். அன்று நான் சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

7. அடுத்த வாரம் தங்கள் குழுக் கூட்டத்தில் அவர், நான் சக நடுவரை மதிப்பதில்லை என்றும், தீர்ப்பை விட்டுக்கொடுக்காமல் கூட்டத்தின் முன் அடம் பிடித்தேன் என்றும், நெருக்கடியில் தலைகால் புரியாமல் ஊதுகிறேன் என்றும் சொல்லியிருக்கிறார். எனக்கு இது, அந்தக் கூட்டத்தில் குறிப்பெடுக்க உட்கார்ந்திருந்த கடிகார மேசை அக்கா மூலமாகத்தான் தெரிய வந்தது. "உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னாங்க, எனக்குத்தான் மனசு கேக்கலை" என்றார். தயவுசெய்து அவரிடம் விளக்கம் கேட்க வேண்டாம். நான்கு பேர் இருந்த அந்தக் கூட்டத்தில் அவர் ஒருவர்தான் மனிதராக நடந்துகொண்டார்.

8. அன்று முதல் ஆளுக்கொரு குறை முளைத்திருக்கிறது. நான் ஆட்டக்காரர்களிடம் சிரிப்பதாக ஒருவர் சொல்கிறார். நான் சிரிக்கவே மாட்டேன் என்கிறார் இன்னொருவர். குக்கர் மாதிரி ஓயாமல் ஊதுகிறேனாம். அதே ஆட்டத்தில் ஊதவே யோசிக்கிறேனாம். இவை அனைத்தும் வாகன நிறுத்தத்தில், ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே சொல்லப்பட்டவை. ஒன்றுகூட அந்தப் பெஞ்சில் சொல்லப்படவில்லை. இவற்றில் எதைத் திருத்திக்கொள்வது என்று கேட்டால், "உன்னைப் பத்தி யாரு பேசுனா?" என்று என்னையே கேட்கிறார்கள்.

9. தற்போது நான் கடிகாரத்தை நிறுத்துவதும் ஓட்டுவதுமாக இருக்கிறேன். வேறொருவர் ஊதினால் பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். மேசைப் பணியை நான் இழிவாக எண்ணவில்லை. ஆனால் முதல் நிலைத் தேர்வுக்குப் பெயர் போக வேண்டுமானால் இந்தப் பருவத்தில் நான் ஆடுகளத்தில் நின்றிருக்க வேண்டும். அடுத்த ஆண்டு எனக்கு வயது வரம்பு தாண்டிவிடும். இந்தப் பருவம் போனால், ஐயா, நான் என்றைக்கும் இரண்டாம் நிலைதான். நான் எவ்வளவு மோசமான நடுவர் என்பதைக்கூட எனக்குச் சொல்லாமல் என் விசிலைப் பிடுங்கிக்கொண்டீர்கள் என்பதை மிகுந்த பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

10. ஆகவே, இந்தப் பருவத்தில் இன்னும் மீதமிருக்கும் மற்றப் போட்டிகளிலாவது என்னை மீண்டும் ஆடுகளப் பணிக்கு அனுப்பி, ஒரு மதிப்பீட்டாளரை நேரில் வைத்துச் சோதிக்குமாறு வேண்டுகிறேன். நான் தகுதியற்றவள் என்று அவர் என் முகத்துக்கு நேரே சொன்னால், விசிலை அந்த மேசையிலேயே வைத்துவிட்டுப் போகிறேன். மேல்முறையீடு செய்ய மாட்டேன்.

11. நடைமுறைப்படி இம்மனு, கருத்துரை கேட்டு அதே மூத்த நடுவருக்குத்தான் அனுப்பப்படும் என்பதை நான் அறிவேன். அனுப்புங்கள், ஆட்சேபணை இல்லை. ஆனால் கருத்துரையை அவர் எழுதி அனுப்ப வேண்டாம். அறைக்கு வந்து, என் எதிரே உட்கார்ந்து சொல்லட்டும். அன்றைக்கு அவிழ்த்த நாடாவை ஒருமுறை கட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள். நான் என்னுடையதை இன்னும் அவிழ்க்கவில்லை.

தங்கள் பதிலை நேரில் கேட்கக் காத்திருக்கும்,

(கையொப்பம்)
இரண்டாம் நிலை நடுவர்

இடம்: உள்விளையாட்டரங்கம், கடிகார மேசை
நாள்: இறுதியாட்டத்துக்கு மறுநாள்