வெள்ளி பூட்டி நிறுத்த பிள்ளை

ஸ்ரீவில்லிபுத்தூர், ஐப்பசி 12, வியாழன்.

கைப்பிள்ளைகளை மாதம் ஒருமுறை தராசில் நிறுத்து, தாய் என்ன சாப்பிடுகிறாள் என்றும் எழுதிக்கொள்ளும் மிஷன் டாக்டரம்மா இன்று சாயங்காலம் எங்கள் தெருவுக்கு வந்தார். போன மாதம் பக்கத்து வீட்டு இஸ்மாயிலின் மகன் என் மகளைவிட எடை கூட. அன்று பிடித்த வயிற்றெரிச்சல் எனக்கு. அதனால் மகளுக்கு அரைஞாண், தண்டை, காப்பு என்று வீட்டிலிருந்த வெள்ளியையெல்லாம் பூட்டித் தூக்கிப் போனேன்.

"பிள்ளைக்கு இன்னைக்கா கல்யாணம்? எல்லாத்தையும் கழத்துங்க" என்றார் டாக்டரம்மா. இஸ்மாயில் வாய்விட்டுச் சிரித்தான். கழற்றி நிறுத்தால், போன மாதத்தைவிடக் குறைந்திருந்தாள்.

"தாய் என்ன சாப்பிடுதாவ?" என்று எங்கள் இருவரையும் கேட்டார். முட்டை, கருவாடு, பூண்டுக் குழம்பு, முருங்கைக் கீரை என்று இஸ்மாயில் மூச்சுவிடாமல் ஒப்பித்தான். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவன் பிள்ளையின் எடையை மறந்தே போனேன். இப்போது அந்தப் பதில் மேல்தான் பொறாமை.

வீட்டுக்கு வந்து மனைவியிடமே கேட்டேன்.

"நீங்க சாப்பிட்டு எந்திரிச்ச பொறவு சட்டியில எம்புட்டு கெடக்கோ, அம்புட்டுதான்" என்றாள், சாதாரணமாக.

இன்று மத்தியானம் அயிரைமீன் குழம்பு. ருசியாக இருக்கிறதென்று மூன்று முறை கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டேன்.