ஸ்னேஹாவுக்கு ஒரு பூசை

இயேசு மரி சூசை துணை

விவேக் நகர்,
பெங்களூர்.
7-12-1997, ஞாயிறு

அன்பு மகள் டீனாவுக்கு,

அம்மா ஃபாத்திமா ஆசீர்வாதத்தோடு சொல்ல, உன் தங்கை பிரிஜெட் எழுதுவது. ஆண்டவர் தயவில் இங்கே நாங்கள் மூன்று பேரும் வேளைக்குச் சாப்பிட்டு நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் மஸ்கட்டில் அப்படியே இருக்கிறீர்கள் என்று ஒரு வரி வந்தால் எனக்குப் போதும். போன வாரம் மேல்வீட்டு ஜகதாம்பாள் மாமி மாடிப்படியில் நின்று "ஃபாத்திமா, மஸ்கட், மஸ்கட், ஓடி வா" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கூப்பிட்டாள். அடுப்பில் வைத்ததை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். நீ எப்படி இருக்கிறாய் என்று நான் கேட்டு முடிப்பதற்குள் நீ "பாப்பாவுக்கு ஞானஸ்நானம் குடுத்தீங்களாம்மா" என்று கேட்டாய், லைன் போய்விட்டது. திரும்ப வரும் என்று மாமி வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். மாமி காபி கொடுத்தாள். வரவில்லை. மறுநாளும் வரவில்லை. லைன் கிடைக்கவில்லையா, நீயே வைத்துவிட்டாயா என்று எனக்குத் தெரியாது. கேட்டது கேள்வி, அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

கொடுத்தோம் கண்ணு. அதை உன்னிடம் இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். பிரசவத்தில் பிரஷர் ஏறி ஃபிட்ஸ் வந்து, உன்னையும் இழந்துவிடுவோம் என்று இருந்து, நீ கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. டாக்டரம்மா இப்போது எதையும் பேசி அழவிடாதீர்கள் என்றார். வந்து பார்த்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். "பச்ச ஒடம்புக்காரி, அந்தப் பேச்சே எடுக்காதீங்க, அடுத்தது பொறந்தா சரியாயிடும்" என்றார்கள். நீயும் கேட்கவில்லை. நீ கேட்காததால் மறந்து வருகிறாய் என்று நான் நினைத்துக்கொண்டேன். வீட்டில் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு உனக்குப் பூண்டுக் குழம்பு வைத்துக் கொடுத்தோம், அதுதான் எங்களுக்குத் தெரிந்த வைத்தியம்.

ஞானஸ்நானம் நடந்த விஷயத்தை பிரிஜெட்டே எழுதட்டும். நான் அப்போது உன் பக்கத்தில் இருந்தேன், அங்கே இல்லை. எழுதமாட்டேன் என்று பேனாவை வைத்துவிட்டாள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்குக் கடிதம் எழுத என்ன தெரியும் என்கிறாள். தையல் கடையில் நாள் முழுக்கக் காஜா எடுக்கிறாளே, அங்கேயும் இப்படித்தான், இவள் குரலைக் கேட்டவர்கள் யாரும் இல்லை என்று கடைக்காரர் சிரிக்கிறார். நான் தண்ணீர் பிடித்துவிட்டு வருகிறேன், அதற்குள் எழுதி வை என்று சொல்லியிருக்கிறேன்.

அக்கா, இனி நான் பிரிஜெட். அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பாப்பா மாடியில் குழந்தைகள் வார்டில் கண்ணாடிப் பெட்டியில் இருந்தாள். ஒரு ஆள்தான் இருக்கலாம் என்றார்கள், அதனால் நான் இருந்தேன். எட்டு மாதத்திலேயே பிறந்ததால் மிகவும் சின்னவள். ஆனால் நீ நினைக்கிற மாதிரி இல்லை அக்கா, பார்க்கப் பயமாக இல்லை, அழகாக இருந்தாள். தலை நிறைய முடி. நெற்றி உன் நெற்றி. காது மட்டும் அத்தான் காது, நுனியில் கொஞ்சம் மடிந்திருந்தது. பெட்டியில் கைவிடுகிற ஓட்டை வழியாக நர்ஸம்மா என்னைத் தொடச் சொன்னார். விரலை வைத்தேன், பிடித்துக்கொண்டாள். எடுக்க மனம் வராமல் அப்படியே நின்றேன். மத்தியானத்துக்கு மேல் மூச்சு விட்டுவிட்டு வந்தது. நர்ஸம்மா என் கழுத்தில் இருந்த மாதா சுரூபத்தைப் பார்த்துவிட்டு, உங்கள் கோயிலில் ஏதாவது செய்ய வேண்டும் என்றால் சீக்கிரம் செய்துவிடுங்கள் என்றார். அப்பா சாமியாரைக் கூட்டிவர ஆட்டோ எடுத்துக்கொண்டு ஓடினார். சாமியார் வேறொரு வீட்டில் சாகக் கிடந்தவருக்கு அவஸ்தைப்பூசுதல் கொடுக்கப் போயிருந்தார். அப்பா வரவில்லை, பாப்பாவின் மூச்சு குறைந்துகொண்டே வந்தது. ஆபத்து நேரத்தில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சிஸ்டர் ஒரு பொம்மையை வைத்துச் சொல்லிக்கொடுத்தார் இல்லையா, உனக்கு நினைவிருக்கும், எல்லாரும் செய்து காட்டினார்கள், நான் மட்டும் வெட்கப்பட்டு பெஞ்சுக்கு அடியில் ஒளிந்துகொண்டேன் என்று நீ வீடு முழுக்கச் சொல்லிச் சிரித்தாய். அங்கே ஒளிய இடம் இல்லை. நர்ஸம்மா ஆறிய வெந்நீரைக் கிண்ணத்தில் கொடுத்தார். "ஹெசரு ஏனம்மா" என்று கேட்டார். பெயர் வைத்திருக்கவில்லை என்று சொல்ல வாய் திறந்தேன், ஸ்னேஹா என்று வந்தது. நீ வயிற்றைத் தடவிக்கொண்டு அந்தப் பெயரைத்தானே சொல்லிக்கொண்டிருந்தாய். நெற்றியில் தண்ணீரை விட்டு, சொல்ல வேண்டியதைச் சத்தமாகச் சொன்னேன். வார்டில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தண்ணீர் பட்டதும் பாப்பா தும்மினாள் அக்கா. சின்னத் தும்மல், பூனைக்குட்டி மாதிரி. நர்ஸம்மா சிரித்துவிட்டார், எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் இருந்தாள். கண் திறந்து பார்த்தாள். கடைசியில் நர்ஸம்மா அவளை வெளியே எடுத்து என் கையில் கொடுத்தார். அவள் தனியாக இல்லை அக்கா. அழவும் இல்லை. என் கையிலேயே இருந்தாள். இதோ, அம்மா தண்ணீர்க் குடத்தோடு வந்துவிட்டாள்.

நான் அம்மா. எழுதியதைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். இந்தத் தும்மல் கதையெல்லாம் எனக்கே போன புதன்கிழமைதான் தெரியும். கொடுத்தேன், பெயர் ஸ்னேஹா என்று அன்றைக்கு ஒரு வார்த்தை சொன்னாள், அதற்கு மேல் நான் கேட்கவில்லை, கேட்காமல் இவளாகப் பேசுகிறவளா. புதன்கிழமை நடந்ததையும் சொல்கிறேன். உன் போனுக்குப் பிறகு எனக்கு மனம் ஒரு நிலையில் இல்லை. கிறிஸ்துமஸ் வருகிறது, எல்லா வீட்டிலும் இறந்தவர்களுக்குப் பூசை வைக்கிறார்கள், நம் பிள்ளைக்கும் ஒன்று வைப்போம் என்று கோயில் ஆபீசுக்குப் போனேன். ஆன்ம இளைப்பாற்றிக்கு என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன். உபதேசியார் வயது என்ன என்று கேட்டார், சொன்னேன். ஞானஸ்நானம் ஆயிற்றா என்றார், ஆயிற்று என்றேன். அவர் பேனாவை எடுத்துவிட்டு, "அப்போ எளப்பாத்தி பூச வேணாம்மா. அந்தப் புள்ளைக்கு என்ன பாவம் இருக்கு, நேரா மோட்சத்துக்குப் போயிருக்கும். நன்றிப் பூசையா எழுதிக்கட்டுமா" என்று கேட்டார். அவர் நல்லவர், தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "எதுக்குங்க நன்றி, குடுத்ததுக்கா, புடுங்கிக்கிட்டதுக்கா" என்று கேட்டுவிட்டேன். எனக்குப் பின்னால் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். ஒன்றும் எழுதவேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து முக்காட்டைக்கூட எடுக்காமல் உட்கார்ந்து அழுதேன். நீ ஊருக்குப் போனபோதுகூட அப்படி அழவில்லை. பிரிஜெட் கடையிலிருந்து சாப்பிட வந்தவள் பயந்துவிட்டாள். நான் நடந்ததைச் சொல்லி, நன்றி சொல்ல அந்தப் பிள்ளை நமக்கு என்னடி கொடுத்தாள், முகத்தைக்கூடக் காட்டவில்லையே என்றேன். உடனே இவள், "எனக்குக் காட்டினாம்மா" என்றாள். அப்புறம்தான் ஒவ்வொன்றாகச் சொன்னாள், மேலே எழுதியிருக்கிறாளே, அதையெல்லாம். நான் கேட்கக் கேட்கச் சொன்னாள். காது எப்படி இருந்தது, விரலை எவ்வளவு இறுக்கிப் பிடித்தாள், கண் என்ன நிறம் என்று சின்னப்பிள்ளை மாதிரி கேட்டுக்கொண்டே இருந்தேன். இவள் அன்று கடைக்குத் திரும்பிப் போகவே இல்லை. சாயந்திரம் அப்பா வந்ததும் அவருக்கும் ஒருமுறை சொல்லச் சொன்னோம். தும்மலைக் கேட்டுவிட்டு அவர், "அப்ப மாப்ள தும்மல் இல்ல, அவரு தும்முனா தெருவே எந்திரிக்கும்" என்றார். சிரித்தோம். பிறந்ததிலிருந்து அந்தப் பிள்ளையை நினைத்து இந்த வீட்டில் யாரும் சிரித்ததில்லை. அப்புறம் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். கல்லறைக்குப் போன அன்று ஆட்டோ ஸ்டாண்டு ஷங்கரை வண்டி ஓட்டச் சொல்லிவிட்டு, அவர் பின்னால் உட்கார்ந்து பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டுதான் வந்தார். அதையும் உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இன்று காலைப் பூசை முடிந்து மறுபடி ஆபீசுக்குப் போனேன். உபதேசியார் என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார், பாவம், திரும்பவும் திட்டப் போகிறேன் என்று நினைத்திருப்பார். கிறிஸ்துமஸ் காலைப் பூசைக்கு ஒரு நன்றி எழுதுங்கள் என்றேன். என்ன காரணம் என்று போட என்று கேட்டார். "எங்க ஸ்னேஹா வந்ததுக்குன்னு போடுங்க. வந்ததுக்கு மட்டும். போனதுக்கு நான் நன்றி சொல்லலை" என்றேன். அவர் அப்படியே எழுதி எனக்குப் படித்துக் காட்டினார். ஸ்னேஹா எந்தப் புனிதர் பெயர், ரோசம்மா என்று வை, உன் மாமியாருக்கும் திருப்தி என்று நீ இங்கே இருந்தபோது உன்னோடு மல்லுக்கு நின்றது நான்தான். இன்று அவர் அந்தப் பெயரைப் படித்தபோது வேறு எந்தப் பெயரும் அந்தப் பிள்ளைக்குப் பொருந்தியிருக்காது என்று தோன்றியது.

உன்னையும் நன்றி சொல் என்று நான் கேட்கவில்லை. மாப்பிள்ளை எழுதியிருந்தார், நீ அங்கே பூசைக்குப் போவதை நிறுத்திவிட்டாய், குடில் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாய் என்று. வைக்க வேண்டாம். இங்கேயும் இந்த வருஷம் நட்சத்திரம் கட்டவில்லை, பலகாரத்துக்கு எண்ணெய்ச் சட்டியும் வைக்கவில்லை. ஜகதாம்பாள் மாமியிடம் இந்தத் தடவை கல்கல் கிடையாது மாமி என்று சொல்லப் போனேன். "யாரு கேட்டா இப்போ, அடுத்த வருஷம் ரெண்டு டப்பாவா குடு" என்றாள். நீ சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று நான் அவசரப்படுத்த மாட்டேன். ஆனால் பூசையில் எல்லார் முன்னாலும் படிக்கப்போவது உன் பிள்ளையின் பெயர். அதை உன்னைக் கேட்காமல் செய்ய எனக்கு உரிமை இல்லை. உனக்கு வேண்டாம் என்றால் எடுத்துவிடச் சொல்கிறேன், கோபிக்க மாட்டேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின வெள்ளிக்கிழமை மாப்பிள்ளைக்கு லீவுதானே, அன்று சாயந்திரம் மாமி வீட்டுக்குப் போன் பண்ணு. வேண்டாம் என்று சொல்லவாவது பண்ணு.

அப்பா நன்றாக இருக்கிறார், முழங்கால் வலிதான், மழையில் வண்டி ஓட்டாதீர்கள் என்றால் கேட்பதில்லை. நீ இரும்புச் சத்து மாத்திரையை நிறுத்தாதே. பிரஷர் பார்க்க மாதம் ஒருமுறை போ, உப்பைக் குறை, ஊறுகாய் பாட்டிலைத் திறக்காதே, நீ அனுப்பச் சொல்லிக் கேட்டாலும் நான் அனுப்பப் போவதில்லை. மாப்பிள்ளை ஃபிராங்க்ளினுக்கும் அழ ஆள் வேண்டும், அவர் எதிரில் கதவைச் சாத்திக்கொள்ளாதே. குழந்தை இயேசு உங்கள் இருவரையும் தன் கைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். தலையில் கை வைத்து ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஃபாத்திமா ஓஸ்வால்ட் (அம்மா போட்ட சிலுவைக் குறி) ✝

மறந்துவிடாதே: வெள்ளிக்கிழமை. அன்று சாயந்திரம் ஆட்டோ எடுக்கப் போவதில்லை, மாமி வீட்டு மாடிப்படியிலேயே உட்கார்ந்திருக்கிறேன் என்று அப்பா எழுதச் சொல்கிறார். அம்மா பேசி முடித்ததும் போனை என்னிடம் கொடுக்கச் சொல் அக்கா. நீ என்ன கேட்டாலும் சொல்கிறேன். பிரிஜெட்.