மடிக்கொடியில் குடிவந்த தேன்சிட்டு

கோமளம்,

நீ கோயிலிலிருந்து திரும்புமுன், இன்னும் இரண்டு செம்பருத்திப் பதியன் வாங்கத் தேனாம்பேட்டைக்குப் புறப்பட்டுவிட்டேன்.

ஓர் ஊரில் ஒரு வாத்தியார், பறவைகள் வரட்டும் என்று கொல்லையில் செம்பருத்தி வைத்தாராம். தேன்சிட்டும் வந்தது. பூவில் தேனைக் குடித்துவிட்டு, அவர் மனைவி யார் கையும் படாமல் மடிப்புடவை உலர்த்தும் கொடியில் கூடு கட்டி முட்டையும் இட்டுவிட்டது.

"ஏன்னா, வரவழைச்சது நீங்க. அது குடித்தனம் பண்ண என் மடிக்கொடிதான் கெடைச்சுதா?" என்றாள் அந்த அம்மாள். வாத்தியார் புதுக்கயிறு வாங்கக் கடைக்குப் போனார்.

நீதி: கூடத்தில் புதுக்கொடி கட்டியாயிற்று. குஞ்சுகள் பறக்கும்வரை தினமும் நானே ஸ்நானம் செய்து, உன் புடவையைத் துவைத்துக் கோலால் எடுத்து அதில் உலர்த்துகிறேன்.

கூட்டை அறுத்தெறிய நீ வரச்சொன்ன உன் தம்பி கிச்சா இன்று வருவான். காபி கொடு, அரிவாளைக் கொடுக்காதே.

எனக்கு மோர்சாதம் போதும். மூடி வை.

இன்னொன்று, இடமில்லாமல் ஓரத்தில் எழுதுகிறேன்: நேற்றுச் சாயங்காலம் பெருங்காற்று அடித்தபோது, கூடு ஆடாமல் நீ கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். கேட்டால் இல்லை என்பாய். அதனால் கேட்கவில்லை.