கம்பெனிச் சட்டையில் என் படம்

மார்ச் 3, திங்கள்
ராகலை பஸ் தரிப்பிடத்தில் என் படம்! கம்பெனிச் சட்டையோடு ஓடுகிறேன். கீழே, 'எங்கள் தொழிலாளர், எங்கள் பெருமை.' பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும். மாதக் கடைசியில் மாகாண ஓட்டப் போட்டி.

மார்ச் 10
சம்பள உயர்வு கேட்டுத் தோட்டத்தில் வேலைநிறுத்தம். அம்மா தேயிலைக் கொழுந்துக் கூடையை ஆணியில் மாட்டிவிட்டார். ஃபெக்டரியும் பூட்டு, எனக்கும் வேலை இல்லை. ஆனாலும் காலையில் ஓடினேன்.

மார்ச் 12
பேப்பரில் அதே படம். இந்தத் தடவை, 'எங்கள் தொழிலாளர் திருப்தியாக இருக்கிறார்கள்.' நான் எப்போது சொன்னேன்?
தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் பக்கத்து லயத்து வரிசை வீட்டில் இருக்கும் சுதர்ஷினி அக்கா எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "ஒனக்கு ஓடுறதுக்கு சப்பாத்து குடுத்தாங்க. எங்களுக்கு என்னடி குடுத்தாங்க?"
அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

மார்ச் 13
கம்பெனி நலன்புரி அதிகாரி பிரதாப் சேரிடம் போய், படத்தை எடுக்கச் சொன்னேன்.
"அது வெறும் விளம்பரம் தங்கச்சி. கம்பெனி அரசியலுக்குப் போறதில்ல."
அப்படியென்றால் கம்பெனிச் சட்டை போடாமல் ஓடுகிறேன் என்றேன்.
"விளையாட்டுல அரசியலக் கலக்காதீங்க."
படம் போட்டது அரசியல் இல்லையாம். சட்டையைக் கழற்றினால் மட்டும் அரசியலா? அங்கேயே கேட்டிருக்கணும். இப்ப எழுதி என்ன பிரயோசனம்?

மார்ச் 19
தொழிற்சங்கத் தலைவர் சிவசாமி வீட்டுக்கு வந்தார்.
"போட்டிக்குப் போகாத, புள்ள. நீ போகலைன்னு நாங்க பேப்பருக்குச் சொல்றோம்."
"நான் யாருக்காகவும் ஓடலைங்க. எனக்காகத்தான் ஓடுறேன்."
சிரித்தார். அம்மா முகத்தைப் பார்த்தேன். அவர் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 29
போகவில்லை.

மார்ச் 30
அம்மா தேத்தண்ணியை நீட்டிக்கொண்டே சொன்னார்: "நான் போகாதன்னு சொல்லலையே."
இதை நேற்றே சொல்லியிருக்கக் கூடாதா அம்மா?

ஏப்ரல் 27
வேலைநிறுத்தம் புதுவருஷத்துக்கு முன்பே முடிந்தது. கூட்டிக் கொடுத்தது கொஞ்சம்தான். என் ஃபெக்டரி வேலை இருக்கிறது. கம்பெனி ஓட்ட அணியில் என் பெயர் இல்லை.
இன்று கம்பெனி விளையாட்டு விழா. யாரும் கூப்பிடவில்லை, பார்க்கப் போனேன். மேடையில் தோட்டத்தை நடத்தும் தொரையும் சிவசாமித் தலைவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில், சிரித்துப் பேசிக்கொண்டு.
பெண்கள் ஓட்டத்தில் தோட்டத்தின் கீழ்ப் பிரிவுக் கிருஷாந்தி முதலாவதாக வந்தாள். நன்றாகத்தான் ஓடினாள். இரண்டு பேரும் சேர்ந்து கிண்ணத்தைக் கொடுத்தார்கள். படம் எடுப்பதற்காக இரண்டு பேருமே கையை எடுக்கவில்லை. அவளுக்குப் பிடிக்க இடமே இல்லை. அப்படியும் சிரித்தாள்.
எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.