பக்கத்து நாற்காலி

என்னங்க, இருமல் விட்டதா? நான் நலம்.

கம்பெனியில் நான் வரைகிற மேசையை எடுத்துவிட்டார்கள். பயப்படாதீர்கள், வேலை போகவில்லை. போன வாரம் உடன் வேலை செய்கிறவள் ஒருத்தி தான் வரைந்த போஸ்டரைக் கிழிக்கப் போனாள். "இதுல உனக்குப் பிடிச்ச இடம் எது?" என்று கேட்டேன். ஓரத்தில் இருந்த குடையைக் காட்டினாள். அதையே பெரிதாக வரைந்தாள், படம் நிமிர்ந்துவிட்டது. பார்த்துக்கொண்டிருந்த மேனேஜர், "நீங்க வரையறதைவிட, வரையறவங்க பக்கத்துல உட்கார்றதுதான் உங்களுக்கு நல்லா வருது" என்றார். சுருக்கென்றது. ஆனாலும் அன்று நன்றாகத் தூங்கினேன். இனி அப்படிப் பக்கத்தில் உட்கார்வதுதான் என் வேலை. இத்தனை வருடமாக அதுதான் போலிருக்கிறது.

இடைவேளை முடிகிறது. நான் கேட்ட பிரஷ்கள் வேண்டாம். பாதி எழுதிப் பரணில் போட்டீர்களே, அந்த நாடகத்தை அனுப்புங்கள். திருத்த மாட்டேன். உங்கள் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

உங்கள் வீட்டுக்காரி