கிடங்கு இருந்த இடம்

கெல்பர்ன், கனடா

அன்புள்ள அம்மாவுக்கு,

நம் ஊர் வழக்கப்படி ஆசி வேண்டி, உங்கள் கையை எடுத்து என் நெற்றியில் வைத்துக்கொள்கிறேன். முழங்கால் வலி தேவலையா? எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

நேற்று ஒரு லாரிக்காரர் நான் வேலை பார்க்கும் நெடுஞ்சாலைச் சாப்பாட்டுக் கடைக்குள் வந்து, ஆர்வில் பண்ணைக்கு வழி கேட்டார். காபி குடித்துக்கொண்டிருந்த விவசாயிகள் வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "பழைய தானியக் கிடங்குகிட்ட இடப்பக்கம் திரும்புங்க."

போனவர் கடுப்போடு திரும்பி வந்தார். "அங்க வெறும் புல்லுதானம்மா இருக்கு!"

"அதேதான். அந்தப் புல்லுகிட்டதான் திரும்பணும்."

கடையே சிரித்தது. "கிடங்கு எரிஞ்சப்போ நீ இந்த ஊருக்கே வரலையேம்மா! எங்கள மாதிரியே வழி சொல்றியே!" என்று பெரியவர் வெர்ன் மேசையைத் தட்டினார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

அடுத்த முறை அனுப்பும் கருவாட்டுக்கு இரண்டு உறை போடுங்கள். போன முறை தபால் நிலையமே நாறியது. பொட்டலத்தின் மேலே என் பெயரைத் தங்கை எழுத வேண்டாம், நீங்களே எழுதுங்கள்; உங்கள் கையெழுத்தைப் பார்க்க வேண்டும்.

வாசலில் லாரிகள் வந்துவிட்டன, ஓட வேண்டும். நம் தெருமுனை ரொட்டிக்கடையை இடித்துவிட்டதாக எழுதியிருந்தீர்களே, இடிக்கட்டும். ரொட்டிக்கடைகிட்ட திரும்பினால் நம் வீடு.

உங்கள் மகள்
லிகயா