சிலம்பரசன் இறங்கிப் போன அன்று

லடாக், ஆகஸ்ட் 2009

அன்புள்ள அம்மாவுக்கு, ராஜவேல் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? அப்பா ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறாரா? எனக்கு ஒரு குறையும் இல்லை. குளிரில் உதடுதான் வெடித்துவிட்டது, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் அனுப்புங்கள்.

பெரிய மலை ஏறுவதற்கு முன், பயிற்சிக்காக எங்கள் பட்டாளக் குழுவை மூட்டையோடு மேட்டில் நடக்க வைத்தார்கள். நெல்லிக்குப்பம் சிலம்பரசன் என் பின்னால் வந்தான். வழியெல்லாம் இருமினான், எச்சிலில் ரத்தம் இருந்தது. "சொல்லிடாத மச்சான், டீம்லேருந்து தூக்கிடுவாங்க" என்று என் கையைப் பிடித்தான். நான் அவன் பேச்சைக் கேட்காமல் அதிகாரியிடம் சொல்லிவிட்டேன். அவர் உடனே இரண்டு பேரைத் துணைக்குச் சேர்த்துக் கீழே அனுப்பினார். "நீயெல்லாம் ஒரு ஃபிரண்டாடா?" என்று கேட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனான்.

கீழே முகாமுக்குப் போய்ச் சேருமுன் வழியிலேயே அவன் உயிர் போய்விட்டது அம்மா. நுரையீரலில் நீர் கோத்துவிட்டதாம்.

அவன் இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். நாளை ஏறுகிறோம். எனக்கு மலை ஏறும் ஆசையே விட்டுப்போனது. தமிழில் பேசவும் இனி இங்கே யாருமில்லை. பக்கத்து வீட்டுச் சண்டையாக இருந்தாலும் அப்பாவை விரிவாக எழுதச் சொல்லுங்கள்.

தபால் வண்டி கிளம்புகிறது. ஒன்று மட்டும் செய்யுங்கள். அவன் அம்மா தில்லையம்மாளைப் போய்ப் பாருங்கள். மகன் கடைசியாக என்ன பேசினான் என்று கேட்பார்கள். "ஒங்களப் பத்திதான் பேசிக்கிட்டு எறங்கினானாம்" என்று சொல்லிவிடுங்கள்.

உங்கள் மகன்,
ராஜவேல்